15 ஆண்டைத் தொடும் கார்: வேலை பார்ப்பதா, விட்டுவிடுவதா?

தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவாகி, 15 ஆண்டை நெருங்குகிற அல்லது கடந்துவிட்ட காரை வைத்திருப்பவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 2010 இல் சென்னையில் பதிவான ஒரு சிறிய பெட்ரோல் கார் இருந்தது. அதைச் சரிசெய்து இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவதா, விற்பதா, உடைக்கக் கொடுப்பதா என்று தீர்மானிப்பதற்குள் மெக்கானிக், தரகர், காப்பீட்டு முகவர், பழைய கார் வியாபாரி என்று பலரிடம் கேட்டுக் களைத்துப் போனோம். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பகுதியைச் சொன்னார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அதன் பிறகு பார்க்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். வாடகை வாகனங்களுக்கு விதிகள் வேறு என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

ஆர்சி (பதிவுச் சான்று) முடியும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடைசி மாதத்தில் தொடங்குபவருக்கு வழிகள் குறைந்துவிடும், பேரம் பேசும் வலுவும் போய்விடும்.

1. எஸ்டிமேட் வாங்குவதற்கு முன் ஆர்சியைப் படியுங்கள்

பெரும்பாலானோர் காரை நேராக ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆவணத்தில் சிக்கல் இருந்தால் அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் மாட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் ஆர்சியை எடுத்து ஐந்து விவரங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, பதிவு எந்த நாள் வரை செல்லும் என்பது. சொந்தக் காரின் பதிவு, முதற்பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கார் வாங்கிய நாளையும் தயாரிப்பு ஆண்டையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அச்சிடப்பட்டிருக்கும் நாளே கணக்கு.

இரண்டாவது, கடன் குறிப்பு. பத்தாண்டுக்கு முன்பே அடைத்து முடித்த கடனுக்கான வங்கியின் பெயர் ஆர்சியில் அப்படியே இருப்பது மிகச் சாதாரணம். அதை நீக்காமல் விற்கவும் முடியாது, உடைக்கக் கொடுக்கவும் முடியாது. வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35 இல் கையொப்பமும் பெற வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றுடன் இணைந்திருந்தாலோ கிளை மூடப்பட்டிருந்தாலோ இந்த ஒரு தாளுக்கே சில வாரங்கள் ஆகிவிடும். ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொன்னதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

மூன்றாவது, உரிமையாளர் உயிருடன் இருக்கிறாரா என்பது. பழைய கார்களில் கணிசமானவை காலமான தந்தையின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. இறந்தவரின் பெயரில் பதிவைப் புதுப்பிக்க இயலாது. படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை தேவைப்படும். அண்ணன் வெளிநாட்டில் இருந்தால் சம்மதக் கடிதம் வந்து சேரும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஆர்சியில் உள்ள நிறம், எரிபொருள், எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவை காரோடு பொருந்துகின்றனவா என்பது. இடையில் கேஸ் கிட் பொருத்தியிருந்தாலும், வேறு நிறம் அடித்திருந்தாலும், எஞ்சினை மாற்றியிருந்தாலும் அவை ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். ஐந்தாவது, நிலுவையில் உள்ள இ-சலான்கள். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தாலே தெரிந்துவிடும். அதே தளத்தில் உங்கள் கைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பின்னால் வரும் எந்த விண்ணப்பமும் நகராது.

இங்கே ஒரு வதந்தியைக் களைந்துவிட வேண்டும். 10 ஆண்டு டீசல் கார், 15 ஆண்டு பெட்ரோல் கார் என்ற தடை டெல்லித் தலைநகர்ப் பகுதிக்காக 2015 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018 இல் உச்ச நீதிமன்றமும் பிறப்பித்த ஆணைகளால் வந்தது. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டிச் சொந்தக் காரை யாரும் ஓரங்கட்ட முடியாது. "சார், இனி இந்த வண்டி ஓடவே கூடாதாம்" என்று சொல்லி விலையைப் பாதியாக்குபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

2. எஞ்சினுக்கு முன் தகட்டைப் பாருங்கள்

பழைய காரின் ஆயுளை முடிவுசெய்வது எஞ்சின் என்றே பலரும் நினைக்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கலாம். கிளட்ச், ரேடியேட்டர், ஸ்டியரிங் ராக் ஆகியவற்றை மாற்றலாம். கீழ்த்தகடும் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடங்களும் துருப்பிடித்து உளுத்துவிட்டால், அதன் மேல் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது. கடற்கரைக் காற்றில் நின்ற சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிக் கார்களுக்கு இது பொதுவான நோய். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ நீரில் நின்ற கார் என்றால் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ராம்ப்பில் ஏற்றி, தரைவிரிப்பை முழுவதும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ரன்னிங் போர்டின் அடிப்பகுதி, ஓட்டுநர் காலடி, பின் சீட்டுக்குக் கீழே உள்ள தகடு, ஸ்டெப்னிக் குழி, பானெட்டைத் திறந்தால் இருபுறமும் ஷாக் அப்சார்பர் வந்து சேரும் இடம் ஆகிய அனைத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் உதிர்ந்தே விழும். மேல்பூச்சில் தெரியும் கொப்புளங்களையும் கதவின் ஓரத் துருவையும் பெரிதுபடுத்த வேண்டாம். அவை அழகு சார்ந்தவை.

இந்தச் சோதனையைத் தகட்டு வேலை செய்யும் டிங்கர் ஒருவரிடம் செய்துகொள்வது நல்லது. ஆனால், "பட்டி பார்த்து அடித்துவிடலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பாரம் தாங்கும் இடத்தில் பட்டி பூசுவது துருவை மறைக்குமே தவிர பலம் தராது; தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்படி ஒரே ஓரிடம் என்றால் செய்யலாம். சஸ்பென்ஷன் தாங்கும் இடத்தில் இருபுறமும் அதே நிலை என்றால் மேலே எந்தக் கணக்கும் வேண்டாம், நேராக 7 ஆம் படிக்குச் செல்லுங்கள். எங்கள் காரின் கதை அங்கேதான் முடிந்தது. அதன் எஞ்சின் கடைசி நாள் வரை குறையின்றி ஓடியது.

3. எழுத்தில், உருப்படி வாரியாக எஸ்டிமேட் வாங்குங்கள்

தகடு தேறிவிட்டதென்றால் இரண்டு இடங்களில் எஸ்டிமேட் வாங்குங்கள்: ஒன்று நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம், மற்றொன்று உங்கள் கார் வகையை நன்கறிந்த வெளி ஒர்க்‌ஷாப். "மொத்தமாக அறுபதாயிரம் ஆகும் சார்" என்பது எஸ்டிமேட் ஆகாது. ஒவ்வொரு பாகத்தின் பெயர், அசலா மாற்றுத் தயாரிப்பா பழையதா என்ற குறிப்பு, விலை, கூலி ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும்.

வந்த பட்டியலை நீங்களே மூன்றாகப் பிரியுங்கள். பிரேக், டயர், ஸ்டியரிங், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், விளக்குகள் ஆகியவை முதல் வகை; இவற்றைச் செய்யாமல் காரை ஓட்டவே கூடாது, பதிவைப் புதுப்பிக்கும்போது காரைச் சோதிக்கும் ஆய்வாளரும் விடமாட்டார். கிளட்ச், ரேடியேட்டர், டைமிங் பெல்ட், எரிபொருள் குழாய்கள் ஆகியவை இரண்டாம் வகை; விட்டால் நடுவழியில் நிறுத்தும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதாலும், 2023 க்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் அதை மனத்தில் கொண்டு செய்யப்படவில்லை என்பதாலும், பழைய ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் தனியே பார்க்கச் சொல்லுங்கள்; இது பெரிய செலவில்லை. பெயிண்ட், சீட் கவர், மியூசிக் சிஸ்டம், பம்பர்க் கீறல் ஆகியவை மூன்றாம் வகை. ஒர்க்‌ஷாப்காரர் மூன்றாம் வகையில் தொடங்கவே விரும்புவார், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

எஞ்சினைப் பற்றி ஐயம் இருந்தால், பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக உள்ளதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கரும்புகை பெரும்பாலும் எரிபொருள் அளவு தொடர்பானது, ஒப்பீட்டில் எளிதாகத் தீரும். "பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்பது சில நேரங்களில் உண்மையே. ஆனால் பிரித்த பிறகு காரை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதால், எந்தத் தொகையைத் தாண்டினால் உங்களைக் கேட்காமல் வேலையைத் தொடரக் கூடாது என்பதை எழுதி வாங்கிக்கொண்டு பிரிக்க அனுமதியுங்கள்.

சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, டிக்கி மூடி, கைப்பிடி போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களை அங்கே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய எஞ்சினை வாங்கி வைப்பதென்றால் அதன் எண், விற்றவரின் ரசீது, அது வந்த காரின் ஆவணம் ஆகிய மூன்றும் வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் காருக்குள் உட்கார்ந்திருப்பது ஆய்வு நாளன்று தெரிய வந்தால் கதை காவல் நிலையம் வரை போகும்.

4. ஓராண்டுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

"கார் விலையே எண்பதாயிரம்தான் போகும், அதற்கு எழுபதாயிரம் செலவா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வி நம்மைத் திசைதிருப்பும். நீங்கள் காரை விற்கப் போவதில்லை என்றால், அதன் சந்தை விலையை விட அது தரப்போகும் ஆண்டுகள்தான் முக்கியம். கணக்கை எப்படிப் போடுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தொகைகளை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பழுதும் பதிவுப் புதுப்பிப்பும் சேர்ந்து ரூ. 76,000 என்றும், அதன் பிறகு நான்காண்டு ஓட்டலாம் என்றும் கொண்டால் ஆண்டுக்கு ரூ. 19,000. வழக்கமான பராமரிப்பு, சிறு பழுதுகளுக்கு ரூ. 20,000. 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ரூ. 3,416, வரியோடு சுமார் ரூ. 4,000. ஆக, கார் நகராமல் நின்றாலும் ஆண்டுக்கு ரூ. 43,000. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறதென்றால், பெட்ரோல் சுமார் 101 ரூபாய் என்ற நிலையில், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ. 6.75 எரிபொருளுக்கு.

வாடகைக் காருக்குக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவருக்கு அந்தப் பழைய காரை வைத்திருப்பதே நட்டம். கோயில், மருத்துவமனை, மாதம் ஒரு திருமணம் என்று மட்டும் ஓடும் கார்கள் பல இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. வயதான பெற்றோருக்கு இரவில் அவசரமாகத் தேவைப்படும் என்பது போன்ற காரணம் இருந்தால் அந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்கலாம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ பழைய காரில் சுமார் 97,000 ரூபாயும் வாடகைக் காரில் 1,60,000 ரூபாயும் ஆகும். அவர் தயங்காமல் வேலை பார்க்கலாம்.

புதிய காரோடு ஒப்பிடும்போது கடை விலையை மட்டும் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கான ஆயுட்கால வரி 5 லட்சம் ரூபாய் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. ஆறு லட்சம் ரூபாய்க் காருக்கு வரி மட்டுமே 78,000. அதோடு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தவணையில் கட்ட வேண்டும். சாலைக்கு வரும்போது 7 லட்சத்தைத் தாண்டிய அந்தக் காரை நான்காண்டு கழித்து மூன்றரை லட்சத்துக்கு விற்றால், வட்டியைச் சேர்க்காமலேயே ஆண்டுக்கு 90,000 ரூபாய் அளவில் கரைந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால், அதற்கு முன் வாங்கி வைத்த விலைப்பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கேளுங்கள்.

பணத்தில் அடங்காத ஒன்றையும் இந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல்தான் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் அந்த ஆண்டில்தான் கட்டாயமானது. 2010 ஆம் ஆண்டின் அடிப்படை மாடலில் இவை பெரும்பாலும் இருக்காது, எந்த ஒர்க்‌ஷாப்பும் பின்னால் சேர்த்துத் தரவும் முடியாது. நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கும், மாதந்தோறும் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு செல்லும் காருக்கும் இந்தக் குறையின் எடை ஒன்றல்ல.

கடந்த ஆண்டு போட்ட டயரையும், ஆறு மாதத்துக்கு முன் மாற்றிய ஏசி கம்ப்ரசரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன பணம் போனதுதான். அதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் பணம் போடுவதுதான் பழைய கார்க்காரர்கள் விழும் பெரிய குழி.

5. விபத்தாலோ வெள்ளத்தாலோ வந்த பழுது என்றால்

முழுக் காப்பீடு இருந்தாலும் பழைய காருக்கு அது தரும் தொகை குறைவு. ஐந்தாண்டைக் கடந்த காரின் காப்பீட்டு மதிப்பான ஐடிவி, உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசி முடிவாவது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் 50% தேய்மானமாகக் கழிப்பார்கள். கார் பத்தாண்டைக் கடந்திருந்தால் உலோகப் பாகங்களிலும் 50% கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை.

பழுதுச் செலவு ஐடிவியில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கருதப்படும். கட்டணம் குறையட்டும் என்று ஐடிவியை 60,000 ஆக வைத்திருந்தால், 45,000 ரூபாய்ப் பழுதே அந்த எல்லையைத் தொட்டுவிடும். காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் பிரிக்காதீர்கள். நீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை.

6. வேலை பார்த்து வைத்துக்கொள்வது என்றால்: பதிவைப் புதுப்பித்தல்

முதல் வகை, இரண்டாம் வகை வேலைகளை மட்டும் முடித்துவிட்டு ஆய்வுக்குக் கொண்டு செல்லுங்கள். பெயிண்ட் செலவை ஆய்வு தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடியும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். பரிவாகன் தளத்தில் பூர்த்தி செய்து, கட்டணம் செலுத்தி, நாள் முன்பதிவு செய்து, காரோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அசல் ஆர்சி, நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் நகல், சேசிஸ் எண்ணின் பென்சில் பதிவு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். துருவேறிய சேசிஸ் எண்ணை முந்தைய நாளே துடைத்துப் படியும்படி செய்துவிடுங்கள். எண் தெளிவாக இல்லையென்று திரும்பி வரும் கார்கள் உண்டு.

கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு ரூ. 5,000, அதற்கு முன் 600 தான் இருந்தது. இறக்குமதிக் காருக்கு ரூ. 40,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டைக் கடந்த காருக்கு இது ரூ. 10,000 ஆக, இரட்டிப்பாகிவிட்டது. இரண்டாவது முறை புதுப்பிக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாமதமானால் மாதத்துக்கு ரூ. 500 சேரும். மாநிலத்தின் பசுமை வரி தனி. விண்ணப்பத்தின்போதே தளம் அந்தத் தொகையைக் காட்டும். இவை போக இடைத்தரகர் கேட்கும் பணம் எதுவும் அரசுக் கட்டணம் அல்ல. ரசீதில் உள்ள தொகையையும் அவர் கேட்ட தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆய்வாளர் பார்ப்பவை: முன், பின், இண்டிகேட்டர், பிரேக் விளக்குகள், ஹாரன், வைப்பர், சீட் பெல்ட், கண்ணாடிகள், டயர்த் தேய்மானம், கை பிரேக், நம்பர் பிளேட். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியோடு போகாதீர்கள்.

பதிவு முடிந்த காரை "நாளைக்குத்தானே ஆய்வு" என்று ஓட்டக் கூடாது. பதிவில்லாத வாகனத்தை ஓட்டினால் முதன்முறை ரூ. 5,000 வரை அபராதம் விதிக்கலாம். அதை விடப் பெரிய ஆபத்து, அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அதுவே ஒரு பிடியாகிவிடும் என்பதுதான்.

7. விட்டுவிடுவது என்றால்: விற்பதா, உடைக்கக் கொடுப்பதா

தகடு நன்றாக இருந்து, உங்களுக்குத் தேவையில்லை என்பதால் மட்டும் விடுகிறீர்கள் என்றால் விற்கலாம். பதிவில் இன்னும் ஓராண்டாவது மீதம் இருக்கும்போது விற்பது நல்லது. முடியும் தறுவாயில் விற்றால், வாங்குபவர் புதுப்பிக்கும் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துவிடுவார்.

விற்பனையில் உயிரான விஷயம் பெயர் மாற்றம். படிவம் 29 உம் 30 உம் பூர்த்தி செய்யப்பட வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தாக வேண்டும். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது, அதைச் செய்யாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. கார் நான்கு கை மாறி வேறு மாவட்டத்தில் ஒருவரை இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

பழைய கார் வியாபாரியிடம் கொடுத்தால், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதியின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தளத்தில் தெரிவிக்கலாம். அதன் பிறகு கார் தொடர்பான பொறுப்பு அவருடையது. அங்கீகாரம் இல்லாதவர் என்றால், இறுதியாக வாங்குபவரின் பெயர் ஏறும் வரை ஒரு தொகையைப் பிடித்துவைக்கச் சொல்லிப் பேசுங்கள்.

தகடு உளுத்துவிட்டது, அல்லது கணக்கு ஒத்துவரவில்லை என்றால் உடைக்கக் கொடுப்பதே சரி. அங்கீகரிக்கப்பட்ட வாகன உடைப்பு மையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. மையங்களின் பட்டியலும் விண்ணப்பமும் பரிவாகனின் வி-ஸ்கிராப் பகுதியில் உள்ளன. அசல் ஆர்சி, அடையாளச் சான்று, பான், ரத்து செய்த காசோலை, உரிமையாளரின் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். காரின் மீது கடன், திருட்டு வழக்கு, தடைக்குறிப்பு எதுவும் இல்லையென்று அவர்கள் சரிபார்த்த பிறகே ஏற்பார்கள்.

விலையைப் பொறுத்தவரை, அதே மாதிரிப் புதுக் காரின் கடை விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை என்று அரசின் கொள்கை அறிவிப்பில் குறிப்பிட்டார்கள். நடைமுறையில் எடையையும் அன்றைய இரும்பு விலையையும் வைத்தே பேசுகிறார்கள். பேட்டரி, டயர், மியூசிக் சிஸ்டம் இருக்கும் நிலையிலா இல்லாமலா, இழுத்துச் செல்லும் வண்டிச் செலவு யாருடையது என்ற இரண்டையும் முன்பே எழுதி வாங்குங்கள். எங்களிடம் தொலைபேசியில் சொன்ன தொகையிலிருந்து வாசலில் வந்து நின்று கழித்தவை இந்த இரண்டையும் சாக்காக வைத்துத்தான்.

புதுப்பேட்டைத் தரகர் இதை விட இரண்டாயிரம், மூன்றாயிரம் அதிகமாகத் தருவதாகச் சொல்லக்கூடும். அவர் தராதது டெபாசிட் சான்று. அங்கீகரிக்கப்பட்ட மையம் காரைப் பெற்றவுடன் அந்தச் சான்றையும், உடைத்து முடித்த பின் உடைப்புச் சான்றையும் தரும். டெபாசிட் சான்றைக் காட்டினால் அடுத்து வாங்கும் புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்தக் காருக்கான வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. எவ்வளவு தருவது என்பது மாநில அரசின் ஆணையைப் பொறுத்தது என்பதால், புதுக் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விற்பனையாளரிடமும் உடைப்புச் சலுகை உண்டா என்று கேளுங்கள். வழக்கமான எக்ஸ்சேஞ்ச் போனஸோடு சேர்த்துத் தருவார்களா, ஏதாவது ஒன்றுதானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சான்றின் காலாவதி நாளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

8. கார் போன பிறகு செய்ய வேண்டியவை

காரை ஒப்படைக்கும்போது நாளும் நேரமும் குறித்த ரசீது வாங்கி, ஓடோமீட்டரையும் நம்பர் பிளேட்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றே ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து கிழித்தெடுத்து, வழங்கிய வங்கியில் கணக்கை மூடிவிடுங்கள். சில வாரங்கள் கழித்துப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உடைக்கக் கொடுத்த கார் என்றால் பதிவு ரத்தானதாகவும், விற்ற கார் என்றால் புதிய உரிமையாளர் பெயரிலும் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் வரை உங்கள் பெயரிலுள்ள காப்பீட்டை ரத்து செய்ய வேண்டாம். உடைந்துபோன கார் இனிப் பயன்படாது என்பதைப் பதிவு அலுவலகத்துக்கு 14 நாட்களுக்குள் தெரிவிக்கும் கடமை சட்டப்படி உரிமையாளருடையது என்பதால், மையம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல் நீங்களும் ஒரு விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

பலரும் மறந்துவிடுவது நோ கிளைம் போனஸ். அது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது; முழுக் காப்பீட்டில் தொடர்ந்து இழப்பீடு கோராமல் இருந்திருந்தால் 50 விழுக்காடு வரை சேர்ந்திருக்கும். பெயர் மாற்றம் அல்லது பதிவு ரத்துக்கான ஆதாரத்தைக் கொடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் நிறுத்திவைப்புக் கடிதம் கேளுங்கள். மூன்றாண்டுக்குள் கார் வாங்கினால் சொந்தச் சேதப் பிரிவுக் கட்டணத்தில் அந்தக் கழிவைப் பெறலாம். மூன்றாம் நபர் கட்டணத்துக்கு அது பொருந்தாது. இப்போதைக்குப் புதுக் கார் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், அந்தக் கடிதத்தை வாங்கி டெபாசிட் சான்றோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.